கத்திரி வெயிலில் அச்சோவியம்: வேலூர் வட்டாரக் கோடைப் பயிலரங்குகளுக்குச் செல்வோருக்கு

கோடை விடுமுறையில் வேலூர், காட்பாடி, இராணிப்பேட்டைப் பக்கங்களில் நடக்கும் ஓவியப் பயிலரங்குகளில் அச்சோவியத்துக்கு, அதாவது கட்டையிலோ தகட்டிலோ உருவாக்கிய படத்தை மையிட்டுத் தாளில் படியெடுக்கும் கலைக்கு, இடம் கிடைப்பதே அரிது. கிடைத்தாலும் லினோகட் (லினோலியத்தில் செதுக்குவது), உட்கட் (மரத்தில் செதுக்குவது), எட்சிங் (உலோகத் தகட்டைக் கரைசலால் அரிப்பது), கொலாகிராப் (அட்டையில் பொருள்களை ஒட்டிப் படியெடுப்பது), மோனோபிரிண்ட் (ஒரே ஒரு படி எடுப்பது) என்று எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் தொட்டுக் காட்டி அனுப்பிவிடும் போக்கே மிகுதி. இப்படிக் கற்றவர்களிடம் வகைக்கொன்றாகத் தாள்கள் சேர்ந்திருக்கும். ஆனால் வீட்டில் தனியாக உட்கார்ந்து ஒரு படி எடுக்க வேண்டும் என்றால் எங்கே தொடங்குவது என்று தெரியாமல் நிற்பார்கள். ஆகவே, பயிலரங்குக்குப் புறப்படுமுன் ஓர் அளவுகோலை மனத்தில் வைத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன். ஒரே கட்டையிலிருந்து, ஒன்றுக்கொன்று வேறுபாடு தெரியாத ஐந்து படிகளை எடுக்கக் கைவந்த பிறகே சோதனை முறைகளில் இறங்க வேண்டும். ஒரே விளைவைத் திரும்பக் கொண்டுவரத் தெரியாதவருக்கு, புதிதாக ஒரு விளைவு தோன்றும்போது அது தாம் செய்ததால் வந்ததா, தானாக நேர்ந்ததா என்று பிரித்தறிய வழியில்லை. பிரித்தறிய முடியாததைச் சோதனை என்று சொல்வதில் பொருளும் இல்லை.

பயிலரங்கைத் தேர்ந்தெடுக்கும்போது கேட்க வேண்டிய கேள்விகளும் இந்த அளவுகோலிலிருந்தே பிறக்கின்றன. எத்தனை முறைகள் கற்றுத் தருவீர்கள் என்று கேட்பதைவிட, ஓர் அழுத்துபொறிக்கு எத்தனை பேர், ஒவ்வொருவருக்கும் பொறியில் எவ்வளவு நேரம் கிடைக்கும், மை எண்ணெய் சார்ந்ததா நீர் சார்ந்ததா, அமிலம் பயன்படுத்துவதாக இருந்தால் அதற்குக் காற்றோட்டமான தனியிடம் உண்டா என்று கேளுங்கள். சிறுவர்களுக்கு, கலை பண்பாட்டுத் துறையின் கீழ் இயங்கும் ஜவகர் சிறுவர் மன்றங்களில் விசாரிக்கலாம். அங்கே அச்சுக்கலை தனிப் பாடமாக இல்லாவிட்டாலும், ஓவிய ஆசிரியர் ஆர்வம் உள்ளவராக இருந்தால் லினோகட் தொடங்க ஒரு மேசையும் ஓர் உருளையும் போதும். அழுத்துபொறியில் முறையாகக் கற்க விரும்பும் பெரியவர்கள், சென்னை கிரீம்ஸ் சாலையில் உள்ள லலித் கலா அகாதமியின் மண்டல மையத்தைப் பற்றித் தெரிந்துவைத்திருப்பது நல்லது. காட்பாடியிலிருந்து சென்னை சென்ட்ரல் 130 கிலோமீட்டர்தான். காலை ரயிலில் போய் இரவில் திரும்பிவிடலாம்.

வெயிலும் மையும்

அக்கினி நட்சத்திரம் என்று நாம் சொல்லும் மே 4 முதல் 28 வரையிலான நாட்களில் வேலூரின் வெப்பநிலை 40 டிகிரி செல்சியசைத் தாண்டுவது புதிதல்ல. குளிர்நாடுகளில் எழுதப்பட்ட அச்சுக்கலைக் குறிப்புகளை அப்படியே பின்பற்றினால் இங்கே தோல்விதான் மிஞ்சும். நீர் சார்ந்த மை, கண்ணாடிப் பலகையில் பரப்பிய சில நிமிடங்களிலேயே காய்ந்து உருளையில் ஒட்டிக்கொள்ளும். அதில் சில துளி கிளிசரின் கலந்தால் காய்வது தாமதமாகும். எண்ணெய் மைக்கு நேர்மாறான சிக்கல் உண்டு. வெப்பத்தில் அது இளகித் தளர்ந்து, செதுக்கிய மெல்லிய கோடுகளுக்குள் இறங்கி அவற்றை அடைத்துவிடும். மெக்னீசியம் கார்பனேட் தூளைச் சிட்டிகை சிட்டிகையாகச் சேர்த்துக் கத்தியால் பிசைந்தால் மை மீண்டும் இறுகும். உடற்பயிற்சி வீரர்கள் கைப்பிடி வழுக்காதிருக்கப் பூசும் தூளும் இதுவே என்பதால் விளையாட்டுப் பொருள் கடைகளிலும் கிடைக்கும். தனி மை வாங்க வசதியில்லாதவர்கள், ஆஃப்செட் அச்சகங்களில் பயன்படும் கறுப்பு மையில் ஒரு சிறு டப்பா வாங்கினால் போதும். ஒரு பயிலரங்குக்கு அது தாராளம்.

வேலை நேரத்தையும் வெயிலே தீர்மானிக்க வேண்டும். விடியற்காலை முதல் பத்து மணி வரை அச்செடுப்பதற்கும், உச்சிவேளை தாள் வெட்டுவதற்கும் வரைபடம் தயாரிப்பதற்கும் கருவி தீட்டுவதற்கும், வெயில் தாழ்ந்த பிறகு செதுக்குவதற்கும் என்று ஒதுக்கிக்கொண்டால் மையோடு போராட வேண்டியிராது. மை உருட்டும்போதும் தாளைப் படியவைக்கும்போதும் மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். அது மையைக் காயவைப்பதோடு தூசியையும் கட்டைமேல் கொண்டுவந்து சேர்க்கும்.

லினோவில் செதுக்குதல்

லினோலியம் என்பது ஆளிவிதை எண்ணெயையும் தக்கைத் தூளையும் கலந்து சணல் துணியின்மேல் படியவைத்த தரைவிரிப்பு. 19ஆம் நூற்றாண்டின் அறுபதுகளில் இங்கிலாந்தில் உருவானது. மரத்தைப் போல நார்வாகு இல்லாததால் எந்தத் திசையிலும் ஒரே மாதிரி வெட்டலாம் என்பதே தொடக்கக்காரர்களுக்கு அது ஏற்றதாக இருப்பதன் காரணம். பழைய லினோ இறுகிக் கிடந்தால் பத்து நிமிடம் வெயிலில் வைத்தால் இளகும். அதற்கு மேல் வைத்தால் நம் ஊர் வெயிலில் அளவுக்கு மீறி மென்மையாகி, வெட்டின் விளிம்புகள் சிதையும்.

படத்தை நேரடியாக லினோவில் வரையாதீர்கள். டிரேசிங் தாளில் மென்பென்சிலால் வரைந்து, வரைந்த பக்கம் கீழே இருக்குமாறு அதைக் கவிழ்த்து லினோமேல் வைத்துத் தேய்த்தால் இடவலம் மாறிய படம் பதியும். அச்சில் அது மீண்டும் நேராகும். எழுத்துகள் இருந்தால் இந்தப் படியைத் தவிர்க்கவே முடியாது. பிறகு, எஞ்சவேண்டிய கறுப்புப் பகுதிகளை மார்க்கர் பேனாவால் நிரப்பிக்கொள்ளுங்கள். வெட்டி எடுப்பது வெள்ளையாகும், விட்டுவைப்பது கறுப்பாகும் என்பதைக் கையோடு கண்ணும் பழகிக்கொள்ள இதுவே வழி.

வெட்டுளியைப் பிடிக்கும் முறையில்தான் பாதிக் கலை இருக்கிறது. உளியின் மரப்பிடி உள்ளங்கையில் பொருந்த, சுட்டுவிரல் தண்டின்மேல் நீண்டிருக்க, தரையோடு இருபது முப்பது டிகிரிக் கோணத்தில் தாழ்த்திப் பிடிக்க வேண்டும். கோணம் உயர்ந்தால் உளி சணல்வரை குத்தி நின்றுவிடும். வளைகோடு வெட்டும்போது கையை வளைக்கக் கூடாது; உளியை நிலையாகப் பிடித்துக்கொண்டு, மறுகையால் லினோவை மெல்லத் திருப்ப வேண்டும். அந்த மறுகை எப்போதும் உளியின் முனைக்குப் பின்னால்தான் இருக்க வேண்டும், முன்னால் ஒருபோதும் வரக் கூடாது. பயிலரங்குகளில் நேரும் காயங்களில் பெரும்பாலானவை இந்த ஒரு விதியை மீறுவதால் நேர்கின்றன. மேசை விளிம்பில் மாட்டி லினோவைத் தாங்கும் மரச்சட்டம் இல்லாமல் சிறுவர்களைச் செதுக்க விடவே கூடாது. ஒரு கோட்டின் இரு பக்கங்களையும் வெட்டும்போது, கோட்டின் அடி அகன்றும் மேல்விளிம்பு குறுகியும் இருக்குமாறு சரிவாக வெட்டுங்கள். அடியைக் குடைந்துவிட்டால் சில படிகளுக்குப் பிறகு கோடு உடைந்து விழும்.

முனை மழுங்கிய உளி லினோவை வெட்டாமல் கிழிக்கும். எண்ணெய்க் கல்லில் தீட்டுவது அவ்வப்போது போதும். ஆனால் அரைமணிக்கு ஒருமுறை தோலில் இழுத்து மெருகேற்ற வேண்டும். தோல் ஊரில் இருப்பவர்களுக்கு இதற்குக் குறையே இல்லை. ஆம்பூர், இராணிப்பேட்டைத் தோல் பட்டறைகளில் ஒதுக்கும் தடித்த மாட்டுத்தோல் துண்டு ஒன்றைப் பலகையில் ஒட்டி, உலோக மெருகுப்பசை சிறிது தடவி, உளியைப் பின்னோக்கி மட்டும் இழுங்கள். முன்னோக்கித் தள்ளினால் தோல்தான் வெட்டுப்படும்.

மையிடுதலும் படியெடுத்தலும்

கற்பிப்பவர்கள் அவசரமாகக் கடந்துவிடும் கட்டம் இதுதான். ஐந்து படிகளும் ஒன்றுபோல வருமா வராதா என்பது இங்கேதான் முடிவாகிறது. கண்ணாடிப் பலகையின் மேல் ஓரத்தில் விரல் அகலத்துக்கு மையைக் கத்தியால் இழுத்து வைத்து, உருளையால் சிறிது தொட்டுக் கீழே பரப்புங்கள். ஒவ்வொரு முறையும் உருளையைத் தூக்கி, சற்றே சுழலவிட்டு மறுபடி வைக்க வேண்டும். தூக்காமல் முன்னும் பின்னும் தேய்த்தால் உருளையின் ஒரே பகுதி ஒரே இடத்தில் படிந்து மை திட்டுத்திட்டாகும். மை சரியான அளவில் பரவியதைக் காதால் அறியலாம். அளவு மிகுந்திருந்தால் சொதசொதவென்ற ஈர ஒலி கேட்கும், பரப்பும் ஆரஞ்சுத் தோல்போல் குழிகுழியாக இருக்கும். அளவு சரியாக இருந்தால் ‘சர்ர்’ என்ற சீரான மெல்லிய ஒலி எழும், பரப்பு மழமழவென்று இருக்கும். இந்த ஒலியைப் பழகியவர் பிறகு கண்ணை நம்பி மை போடுவதில்லை.

மெல்லிய பூச்சாகப் பலமுறை பூசுவதே நல்லது. ஒரே தடவையில் தடிமனாகப் பூசக் கூடாது. பூச்சுகளின் எண்ணிக்கையைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு படிகள் வெளிறி வருவது இயல்பு. கட்டை மையை உறிஞ்சிக்கொள்வதால் அப்படி நேர்கிறது. அவற்றைச் செய்தித்தாளில் எடுத்து ஒதுக்கிவிட்டு, அதன் பிறகே நல்ல தாளுக்குச் செல்லுங்கள்.

அழுத்துபொறி இல்லாவிட்டால் மரக்கரண்டியின் முதுகு போதும். தாளின்மேல் வழவழப்பான ஒரு மெல்லிய தாளை விரித்து, நடுவிலிருந்து ஓரத்துக்குச் சிறு வட்டங்களாகத் தேய்த்துச் செல்லுங்கள். ஒரு மூலையை மட்டும் மெல்லத் தூக்கிப் பார்த்து, வெளிறிய இடம் தெரிந்தால் தாளை மீண்டும் படியவிட்டு அங்கே மறுபடி தேய்க்கலாம். மறுமூலை அசையாமல் இருக்கும்வரை படம் இரட்டிக்காது. எல்லாப் படிகளிலும் படம் ஒரே இடத்தில் விழ, கட்டையை வைக்கும் இடத்தையும் தாளின் இரு ஓரங்கள் முட்டும் இடத்தையும் ஓர் அட்டையில் சட்டமாக ஒட்டிக்கொள்ளுங்கள். பல வண்ணங்களில் அச்செடுக்கும்போது இந்தச் சட்டம் இல்லாமல் ஒன்றும் நடவாது.

கடுக்காயும் இரும்பும்

நவாப் முகமது அலி வாலாஜாவின் பெயரைத் தாங்கிய வாலாஜாபேட்டை, துணிச் சாயத்துக்கும் அச்சுத் துணிக்கும் பெயர்பெற்றிருந்த வணிக ஊர். கலம்காரிக்குப் பெயர்போன காளஹஸ்தி 1911 வரை வட ஆர்க்காடு மாவட்டத்திலேயே இருந்தது. இந்த மண்ணில் நடக்கும் அச்சுப் பயிலரங்கில் துணியச்சுக்கு ஒருநாளாவது ஒதுக்காமல் விடுவது சரியல்ல என்பது என் கருத்து. ஒரே ஒரு கறுப்பு வண்ணம் போதும். அதன் பின்னுள்ள வேதியியலைக் கண்ணெதிரே காணலாம்.

பயிலரங்கு தொடங்குவதற்குப் பதினைந்து இருபது நாட்களுக்கு முன்பே, துருப்பிடித்த ஆணிகளையும் இரும்புத் துண்டுகளையும் வெல்லம் கரைத்த நீரில் ஊறவைத்து மூடிவையுங்கள். நுரைத்துப் புளித்து அடங்கிய பிறகு வடிகட்டினால் இரும்புச் சாறு தயார். காடாத் துணியை நன்கு துவைத்துக் கஞ்சி நீக்கி, கடுக்காய்த் தூள் கரைத்த நீரில் கொழுப்பு நீக்காத எருமைப்பாலும் சேர்த்து நனைத்து, பிழிந்து வெயிலில் உலர்த்துங்கள். பாலின் கொழுப்பு, அச்சின் ஓரங்கள் துணியில் கசிந்து பரவாமல் தடுக்கும். ஜவ்வாது மலையிலிருந்து இறங்கும் கடுக்காயை இந்த வட்டாரத்தின் தோல் பதனிடுவோர் ஆவாரம்பட்டையோடு நெடுங்காலம் பயன்படுத்தியிருக்கிறார்கள். தோலைப் பதப்படுத்தும் அதே துவர்ப்புச் சத்துதான் துணியில் இரும்போடு சேர்ந்து கறுப்பாகிறது. இரும்புச் சாற்றைப் புளியங்கொட்டை மாவுக் கஞ்சியால் கெட்டியாக்கி, தட்டில் விரித்த கம்பளத் துண்டில் ஊற்றி, மரஅச்சை அதில் தொட்டுத் துணிமேல் வைத்துக் கைமுட்டியால் ஒரு தட்டுத் தட்டுங்கள். தட்டில் பழுப்பாகக் கிடந்த சாறு, மஞ்சள் படர்ந்த துணியைத் தொட்டதும் கறுக்கும். ஒருநாள் உலரவிட்டு, ஓடும் நீரில் திரும்பத் திரும்ப அலசுங்கள். மிச்சமிருக்கும் இரும்பு நாளடைவில் துணியை இற்றுப்போகச் செய்யும்.

சோதனை முறைகள்

ஐந்து படிகள் என்ற அளவை எட்டியவர்களுக்கு இனி வழி திறந்திருக்கிறது. முதலில், தகட்டில் ஊசியால் கீறி வரைந்து அச்செடுக்கும் டிரைபாயிண்ட் முறையை எடுத்துக்கொள்ளுங்கள். மருத்துவமனை நகரமான வேலூரில் பல வீடுகளில் பழைய எக்ஸ்ரே தாள்கள் கிடக்கும். பெயரும் விவரமும் உள்ள ஓரத்தை வெட்டி நீக்கிவிட்டு, கூரான எஃகு ஊசியால் அதில் கீறி வரையலாம். கீறும்போது எழும் பிசிறே மையைப் பிடித்துக்கொண்டு மென்மையான நிழல் தருவதால், பிசிறை நீக்கிவிடாதீர்கள். அழுத்தத்தில் பிசிறு நசுங்கிச் சில படிகளிலேயே மங்கத் தொடங்கும். இம்முறைக்குத் தாள் ஈரமாக இருக்க வேண்டும்; முந்தைய இரவே நனைத்துப் பிளாஸ்டிக் உறையில் அடுக்கி வையுங்கள். நம் வறண்ட காற்றில் ஓரங்கள் முதலில் உலர்ந்து சுருளும் என்பதால், உறையிலிருந்து ஒவ்வொரு தாளாக மட்டும் எடுக்க வேண்டும்.

கொலாகிராப் முறைக்கு இந்த வட்டாரத்தைவிடப் பொருத்தமான இடம் குறைவு. தடித்த அட்டையில் தோல் கழிவுத் துண்டுகளை ஒட்டிப் பாருங்கள். வழவழப்பான மேற்பக்கம் மையைத் துடைக்கும்போது விட்டுவிடுவதால் வெளிர்நிறத்தில் மயிர்க்கால் துளைகளோடு பதியும்; சொரசொரப்பான உட்பக்கம் மையை உறிஞ்சிக் கருமையாகப் பதியும். மொத்த உயரம் இரண்டு மூன்று மில்லிமீட்டரைத் தாண்டினால் தாள் கிழியும். ஒட்டிய பின் இருபுறமும் அரக்கு வார்னிஷ் பூசி முழுதும் உலரவிட வேண்டும். இல்லையென்றால் அட்டை மையில் ஊறி உரிந்துவிடும். மையைத் துடைக்கக் கஞ்சி போட்ட மல் துணி ஏற்றது. குரோமியத்தால் பதனிட்ட தோலை உப்புத்தாளால் தேய்க்காதீர்கள். அந்தத் தூசியை மூச்சில் இழுப்பது கெடுதல்.

எட்சிங் முறையைச் சிறுவர் பயிலரங்கில் வைக்கவே கூடாது. பெரியவர்களுக்கும் நைட்ரிக் அமிலத்தில் துத்தநாகத் தகட்டை அரிக்கும் பழைய முறையைவிட, ஃபெர்ரிக் குளோரைடில் செம்புத் தகட்டை அரிப்பது பாதுகாப்பானது; நச்சுப்புகை எழாது. அரிப்பின்போது வீழ்படிவு கோடுகளில் தங்காதிருக்கத் தகட்டைக் கவிழ்த்தோ நிறுத்தியோ வையுங்கள். பயன்படுத்திய கரைசலில் செம்பு கலந்திருக்கும். அதைச் சாக்கடையில் ஊற்றாமல் கலனில் சேர்த்து, அபாயக் கழிவாகவே அப்புறப்படுத்த வேண்டும். தோல் கழிவால் பாலாறு பட்ட பாட்டை அறிந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

மைகளின் இறுக்க வேறுபாட்டைக் கொண்டு வண்ணங்களைப் பிரிக்கும் விஸ்காசிட்டி அச்சுமுறை என்ற உலகறிந்த சோதனையில் பெரும்பங்கு ஆற்றிய கிருஷ்ணா ரெட்டி, வட ஆர்க்காட்டின் தலைமையிடமாக 1911 வரை இருந்த சித்தூருக்கு அருகே நந்தனூரில் 1925இல் பிறந்தவர். சாந்திநிகேதனில் பயின்று, சென்னைக் கலாக்ஷேத்திராவில் கற்பித்து, பாரிசில் அச்சோவியர் ஸ்டான்லி வில்லியம் ஹெய்ட்டரின் அட்டெலியே 17 பட்டறையில் பணியாற்றிய அவர், இந்திய அச்சோவியர் கைகோ மோதியோடு சேர்ந்து இம்முறையை வளர்த்தெடுத்தார். சிற்பியாகவும் இருந்ததால், உலோகத் தகட்டைப் பல ஆழங்களில் செதுக்கிய புடைப்புச் சிற்பமாகவே கையாண்டார். எண்ணெய் மிகுந்த தளர்ந்த மையைக் கடின உருளையால் உருட்டினால் தகட்டின் மேல்தளத்தில் மட்டும் படியும். அதன்மேல் இறுகிய மையை மென்மையான உருளையால் உருட்டினால், அது பள்ளங்களுக்குள் இறங்கிப் படிவதோடு, எண்ணெய் மை உள்ள இடத்தில் ஒட்டாமல் விலகும். இப்படி ஒரே தகட்டில், ஒரே அழுத்தத்தில், பல வண்ணங்கள் பிரிந்து பதியும். இதற்கு மையின் இறுக்கத்தைத் துளித்துளியாக அளந்து மாற்றத் தெரிய வேண்டும். 40 டிகிரி வெப்பம் அந்த அளவுகளைக் குலைத்துவிடும் என்பதால், வேலூரில் இதை விடியற்காலையிலோ குளிரூட்டிய அறையிலோதான் செய்து பார்க்க முடியும்.

வெயிலையே கருவியாக்க விரும்பினால், ஒளியால் நீலப் படம் பதியவைக்கும் சயனோடைப் முறை இருக்கிறது. ஃபெர்ரிக் அம்மோனியம் சிட்ரேட் 25 கிராம் ஒரு 100 மில்லிலிட்டர் நீரிலும், பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடு 10 கிராம் மற்றொரு 100 மில்லிலிட்டர் நீரிலும் தனித்தனியே கரைத்து, சமஅளவில் கலந்து, மங்கிய வெளிச்சத்தில் தாளில் பூசி உலர்த்துங்கள். ஆவாரங்கொத்தோ வேப்பிலையோ மேலே வைத்துக் கண்ணாடியால் அழுத்தி வெயிலில் ஐந்து முதல் பத்து நிமிடம் காட்டி, மஞ்சள் நீர் நிற்கும்வரை அலசினால் நீலப் பின்னணியில் வெண்ணிற உரு தெளியும். இக்கரைசலை எட்சிங் அமிலத்தின் அருகே கொண்டுபோகவே கூடாது. வீரிய அமிலம் பட்டால் நச்சுவாயு எழும்.

வேலை முடிந்த பின்

மையை நீக்க மண்ணெண்ணெய் வேண்டாம். சமையல் எண்ணெயைத் தடவித் துடைத்து, பிறகு சோப்பு நீரால் கழுவினால் போதும். ஆனால் ஆளிவிதை எண்ணெய் மை தோய்ந்த துணிகளைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். காயும்போது அவை வெப்பம் வெளிவிடும். குவியலாகக் கிடந்தால் அந்த வெப்பம் வெளியேற வழியின்றித் தானாகவே தீப்பிடிக்கக்கூடும், கோடையில் இன்னும் எளிதாக. அவற்றை விரித்து உலர்த்துங்கள், அல்லது நீர் நிரப்பிய உலோகக் கலனில் போட்டு மூடுங்கள்.

படிகள் முழுதும் உலர எண்ணெய் மையானால் சில நாட்கள் ஆகும். அதற்குள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கக் கூடாது. உலர்ந்தவற்றில் ஒன்றுபோல் வந்தவற்றை மட்டும் தேர்ந்து, கீழ் விளிம்பில் பென்சிலால் 1/10, 2/10 என்று இடப்புறம் எண்ணிட்டு, நடுவில் தலைப்பும் வலப்புறம் கையெழுத்தும் இடுவது மரபு. முதல் எண் அந்தப் படியையும் இரண்டாம் எண் மொத்தப் படிகளையும் குறிக்கும். கலைஞர் தமக்கென வைத்துக்கொள்ளும் படிகளில் ‘ஏ.பி.’ (ஆர்ட்டிஸ்ட்ஸ் புரூஃப்) என்று எழுதுவார்கள். மாறுபட்டு வந்த படிகளை எறிந்துவிடாமல், மையில் என்ன சேர்த்தீர்கள், எத்தனை பூச்சு, எந்த நேரத்தில் எடுத்தீர்கள் என்று பின்புறம் எழுதித் தனி உறையில் வையுங்கள். அடுத்த கோடையில் தொடங்கும்போது முதலில் எடுத்துப் பார்க்க வேண்டியவை அவைதாம். லினோவைச் சுருட்டாமல், வெயில் படாத இடத்தில் தட்டையாகக் கிடத்தி, அதன் முகத்தின்மேல் மெழுகுத்தாள் விரித்து வையுங்கள்.